டீசல் இறங்கிய கிணறு

ரயில் எஞ்சினுக்கு டீசல் நிரப்பும் இடம் ஒன்றை வரையும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது, அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ரயிலுக்கும் பங்க் இருக்குதா கண்ணு?"

"இருக்குதும்மா."

"அதும் வரிசையில நிக்குமா? நம்ம ஆட்டோக்காரனுகளாட்ட?"

அப்பா சிரிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டார். நம் காலனிக்கு மேற்கே இருக்கும் சரக்கு யார்டில்தான் என்றேன். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் கேட்டார்.

"நம்ம கெணத்துக்கு மேட்டுப் பக்கமா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப நீயே வரையறது நல்லதாப் போச்சு," என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து சூலூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் எங்கள் காலனி வரும். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் தோட்டத்துக் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். தோட்டத்துக்காரர்கள் மனசு வைத்து ஊற்றினால் உண்டு. கல்யாணம், எழவு எதுவானாலும் அதே கதைதான். அப்பா இளவட்டமாக இருந்தபோது காலனி ஆண்கள் ஒன்று சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கிணறு வெட்டினார்கள். பகலில் தோட்டத்து வேலை, பொழுது சாய்ந்த பிறகு கிணற்று வேலை. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே எல்லாம் பாறை. வெடி வைத்துத்தான் இறங்க முடிந்தது. ஒரு வெடியில் தெறித்த சில்லு அப்பாவின் வலது புருவத்தைப் பிளந்தது. அந்த இடத்தில் இன்றைக்கும் மயிர் முளைப்பதில்லை.

தண்ணீர் கண்ட அன்று யாருமே மேலே ஏறி வரவில்லையாம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்களாம். மேலே நின்ற பெண்கள் பயந்துபோய்க் கயிற்றை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதை அப்பா சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு அவளுடைய மாமியார் சொன்னது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக், அதற்குப் பிறகு சிவில் படிப்பு, அதற்கும் பிறகு நகரத்தில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தை நடத்துகிறவர் ஒரு பெண் இன்ஜினியர். நாங்கள் மேடம் என்போம். பட்டறைக்குக் கூரை, மில்லுக்குத் தண்ணீர்த் தொட்டி, எது வந்தாலும் செய்வார். யார்டு வேலை வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "உங்க ஊர்ப் பக்கந்தானுங் தம்பி. நீங்களே பாருங்க."

அது ஒரு தனியார் சரக்கு யார்டு. சிமெண்ட்டும் பஞ்சும் இரும்பும் அங்கே ஏற்றி இறக்குவார்கள். மெயின் லைனில் இப்போது எல்லாம் கரண்டில் ஓடுகிறது. யார்டுக்குள் அப்படிக் கம்பி கட்ட முடியாது, மேலேயிருந்து கிரேன் இறங்கும் இடம். அதனால் பெட்டிகளை இழுத்து நிறுத்த இன்னமும் டீசல் எஞ்சின்தான். பழைய கம்பெனி யார்டை விற்றுவிட்டுப் போய்விட்டது. புதிதாக வாங்கியவர்கள், டீசல் நிரப்பும் இடத்தை மட்டுமாவது முறைப்படி கட்ட வேண்டும், சுற்றுப்புறத்துக்குக் கேடு வரக் கூடாது என்று கேட்டு எங்களிடம் வந்திருந்தார்கள்.

பழைய இடத்தைப் பார்க்கப் போனோம். ஒரு மேடையின் மேல் டீசல் தொட்டி. அதிலிருந்து இறங்கும் ரப்பர் ஹோஸ். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லி எல்லாம் தார் போட்ட மாதிரிக் கறுத்துக் கிடந்தது. ஹோஸ் முனையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"வால்வு போச்சுங்களா?" என்று மேடம் கேட்டார்.

டீசல் பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளி சிரித்தார். "அது நான் வேலைக்குச் சேந்தப்பவே போச்சுங்க. நாங்களும் சொல்லிச் சொல்லிப் பாத்து, அப்பறம் பழகிப் போச்சுங்க."

மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் எதற்கு என்று பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து வரைய ஆரம்பித்தேன். எந்த வேலையையும் அப்படி ஆசையாகச் செய்ததில்லை. எஞ்சின் வந்து நிற்கும் இடத்தில் தண்டவாளத்துக்கு நடுவிலும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத தட்டுகளை வரிசையாக வைத்தேன், சிந்துவது ஜல்லிக்குப் போகாமல் அதில் விழ. அதைச் சுற்றிக் கான்கிரீட் தளம், விழுவது உள்பக்கமே ஓடிவர வாட்டம். மேலே கூரை. மழை விழுந்தால்தானே டீசலை அடித்துக்கொண்டு வெளியே போகும்? டீசல் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர், தொட்டி மொத்தமாக உடைந்தாலும் உள்ளேயே தேங்கி நிற்கிற உயரத்துக்கு. அந்தச் சுவருக்கு ஒரு வடிகால், அதில் எப்போதும் பூட்டியே இருக்கும் வால்வு. எல்லாக் கழிவு நீரும் போய்ச் சேரும் இடத்தில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் தொட்டி. சிந்தினால் உடனே போட்டு உறிஞ்ச மூட்டை மூட்டையாகத் தென்னை நார்க்கழிவு. அது நம் பக்கத்தில் எங்கும் கிடைக்கும். அந்த யோசனை என்னுடையது. மேடம் அதைப் படித்துவிட்டு, "தொண்டாமுத்தூர்ல இருந்து லோடு லோடா எறக்கிரலாம்," என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைந்து அப்பாவுக்குக் காட்டினேன்.

"ஒரு சொட்டுக்கூடக் கீழ எறங்காதுங்கப்பா."

அவர் குந்தி உட்கார்ந்து அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் காலனி முழுக்க அது தெரிந்திருந்தது. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம், "என்ற பையன் வரையறான். இனிக் கெணத்துக்கு ஒரு கொறையும் வராது," என்று அவரே சொன்னாராம்.

கொறை என்று ஒன்று அப்போது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மழை முடிந்த மாதங்களில் கிணற்றுத் தண்ணீர் மேல் ஒரு மெல்லிய படலம் மிதக்கும். வெயில் பட்டால் மயில் கழுத்து மாதிரி மினுங்கும். அதைக் கொசு எண்ணெய் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முன்பெல்லாம் சுகாதாரத்துக்காரர்கள் வந்து கொசுப்புழு சாகட்டும் என்று கிணறுகளிலும் குட்டைகளிலும் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்கள் வருவது எப்போதோ நின்றுபோனது. படலம் மட்டும் நிற்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாறாக, அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வருகிற பெண்களிடம், "எங்க கெணத்துல ஒரு கொசு உக்காராதாக்கும்," என்று அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாளியை இறக்கியதும் தண்ணீரில் இரண்டு முறை அடித்துப் படலத்தை ஒதுக்கிவிட்டு மொண்டுகொள்வோம். நடக்கப் பழகுகிற மாதிரி அதுவும் ஒரு பழக்கம். குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய் எப்போதாவது வரும். வராத நாட்களில் குடிக்கவும், மற்றபடி சமைக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

அஸ்திவாரத்துக்கு மண் பார்க்க வேண்டும் என்று யார்டில் துளை போட்டார்கள். மெஷின் இறங்கி இறங்கிக் குழாயில் மண்ணை எடுத்து வெளியே வைத்தது. மேலே சிவப்பு. கொஞ்சம் கீழே போனதும் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். மேடம் ஒரு கட்டியை உடைத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்ன வாசன வருதுங் தம்பி?"

முகர்ந்தேன். "மண் வாசனைங்க மேடம். மழ பேஞ்சா வருமே, அதுதான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். துளை போட வந்த ஆட்களிடம் நீட்டினார். முகர்ந்ததுமே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டீசலுங்க. இதக் கேக்கோணுமா?"

அன்றைக்கு அந்த மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பிறந்த நாளிலிருந்து மழை பெய்தால் வருகிற வாசனை அது. மழையின் வாசனையே அதுதான் என்று நினைத்திருந்தேன். யார்டு மேட்டில் இருக்கிறது, கிணறு பள்ளத்தில் இருக்கிறது. இடையில் இருப்பது விரிசல் விட்ட பாறை. எந்த விரிசல் வழியாக எங்கள் கிணற்றுக்கு ஊற்று வந்ததோ, அதே வழியில்தான் இதுவும் வந்திருக்கிறது.

கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மேடத்திடம் சொன்னேன்.

"அனுப்பலாந் தம்பி. கேட்டுட்டா அப்பறம் கேக்காத மாதிரி இருக்க முடியாது. ஊட்டுல சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. அப்பாவே கயிறு கட்டிப் பாட்டிலை இறக்கி எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "நல்லா நெறையப் புடிச்சுக்க கண்ணு. நம்ம தண்ணி எப்படின்னு அவிகளுக்கும் தெரியட்டும்," என்றார்.

முடிவு வந்தது. குடிக்க, குளிக்க, எதற்கும் அந்தத் தண்ணீரை எடுக்கக் கூடாது. கிணற்றை மூட வேண்டும்.

சுத்தம் செய்ய முடியாதா என்று நான் கேட்காத ஆள் இல்லை. யார்டில் கறுத்த மண்ணைத் தோண்டி எடுத்துப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகலாம், அதைச் செய்தார்கள். கிணற்றை இறைத்து எண்ணெயை வழித்து எடுக்கலாம், அதையும் செய்து பார்த்தார்கள். இறைத்த கொஞ்ச நாளில் ஊறி வந்த புதுத் தண்ணீரிலும் மயில் கழுத்து நிறம். பாறை விரிசலுக்குள் இறங்கியதைக் கழுவ வழி இல்லை. அதுவாகப் போனால்தான் உண்டு. எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காலனி வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். யார்டின் புது மேனேஜர் வந்திருந்தார். தன்மையான மனுஷன்தான். பழைய கம்பெனி செய்ததற்கு நாங்கள் வருத்தப்படுகிறோம், கிணற்றை மண் போட்டு நிரப்பிவிட்டு, அதன் மேலேயே பெரிய தொட்டி வைத்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறோம் என்றார்.

எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், அப்பாவோடு கிணறு வெட்டியவர், என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க இஞ்சினியரு! கெணறு வெட்டப் படிச்சவனக் கண்டிருக்கறேன். மூடப் படிச்சவன இப்பத்தான் பாக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கோபம். "அவஞ் சொல்லாட்டி நீங்க இன்னும் அதத்தான குடிச்சுட்டு இருப்பீங்க?"

"இத்தன வருசம் குடிச்சு என்ன செத்தா போயிட்டம்?"

"செத்தவிகளுக்கு எதனாலன்னு ஆரு கண்டாங்க?" என்றாள் அம்மா. ஒவ்வொருவரும் தம் வீட்டில் போனவர்களை நினைத்திருக்க வேண்டும். நானும் நினைத்தேன். எது எதனால் என்று எனக்கும் தெரியாது, எந்த டாக்டரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல என் படிப்பு போதாது.

அப்பா எழுந்தார்.

"ஏனுங்க சார், மூடறதுன்னா மூடிக்குங்க. மண்ணு போட்டு நெரப்பாதீங்க."

"ஏனுங்க பெரியவரே? நெரப்பீட்டா எடம் ஆகுமே."

"தண்ணி இருக்கற கெணத்துல மண்ணுப் போடக் கூடாதுங்க. உசுரோட பொதைக்கறாப்புல. மேல மூடி போடுங்க. அதுலயும் ஒரு கொழா உடோணும், மூச்சு உட்டுக்க."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கிணற்றைத் தூர்த்தால் தூர்த்த குடும்பம் விளங்காது என்பார்கள். மூடியே ஆக வேண்டுமென்றால், ஒரு குழாயை நட்டு வானம் பார்க்க விட்டுவிடுவார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். தண்ணீரைத் தொடர்ந்து சோதித்துப் பார்க்க எப்படியும் ஒரு குழாய் வேண்டும், நிரப்பினால் அது முடியாது, மூடி போடுவதுதான் சரி என்றேன். அது உண்மையும்கூட. அப்பா நான் தனக்காகப் பேசினதாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

கிணற்று மூடியை நானே வரைந்தேன். எத்தனையோ ஸ்லாப் வரைந்திருக்கிறேன். வட்டமாக ஒரு கோடு போட்டு நடுவில் ஒரு சின்ன வட்டம் போட எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. மேடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டுப் போனார்.

மூடிய அன்று பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். பூசைக்கு வைத்த சொம்பில் லாரித் தண்ணீர். கயிற்றையும் உருளையையும் அப்பாதான் கழற்றினார். கொத்தனார்கள் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டார்கள். சாயங்காலம் வரை அப்பா அதன் மேல் ஆடு ஏறாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீசல் நிரப்பும் இடம் கட்டி முடிந்தது. முதல் எஞ்சின் கூரைக்கு அடியில் வந்து நின்றபோது வந்தவர்கள் கை தட்டினார்கள். ஹோஸ் முனையைக் கழற்றும்போது சிந்திய கொஞ்சமும் தட்டில்தான் விழுந்தது. அடுத்த வாரம் பெரிய மழை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பிரிக்கும் தொட்டியின் மறுமுனையில் வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. மற்ற யார்டுகளிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள் என்று மேனேஜர் போன் செய்து சொன்னார். மேடம் அலுவலகத்துக்கு ஜிலேபி வாங்கிவந்தார்.

அப்பா ஒரு நாள் தானாகவே, "நீ கட்டுனதக் காட்டு," என்றார். கூட்டிப்போனேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். தட்டு, வாட்டம், சுவர், பூட்டிய வால்வு, நார்க்கழிவு மூட்டை. அவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சுற்றி வந்து ஜல்லியைப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது.

"இதெல்லாம் இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா கண்ணு?"

"இல்லீங்கப்பா. ரொம்ப காலமா இருக்கறதுதான்."

"அப்ப, மொதல்ல வச்சிருந்தாங்களே, அவிகளுக்கும் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்குமுங்கப்பா."

தலையை ஆட்டினார். "சின்ன வேலதான்," என்றார். திரும்பி வரும்போது தண்டவாளத்தை ஒட்டி எனக்கு முன்னால் நடந்தார். வழக்கமாக என்னைத்தான் முன்னால் விடுவார்.

சில மாதங்களுக்கு ஒரு முறை நான் வந்து குழாய் வழியாகப் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுப்பேன். ஆரம்பத்தில் அப்பா தவறாமல் வருவார். நான் பாட்டிலில் கயிறு கட்டுவதற்குள் வந்து நின்றிருப்பார். வாயால் கேட்க மாட்டார், புருவத்தை உயர்த்துவார். "இன்னும் இல்லீங்கப்பா," என்பேன். கொஞ்சம் தள்ளி யார்டுக்காரர்கள் வைத்துக் கொடுத்த தொட்டியடியில் பெண்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருப்பார்கள். லாரிக்காரன் வராவிட்டால் போன் செய்து கெஞ்ச வேண்டும். அவன் ஒரு சின்னப் பையன். "இருங்கக்கா, வாரேனுங்," என்பான். வருவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். தனக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லையென்றாலும் அந்த வரிசையில் போய் நின்றதில்லை.

போன முறை நான் வந்தபோது குழாயருகே அவர் இல்லை. தண்ணீரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். மேடத்தோடு சுற்றிச் சுற்றி இப்போது எனக்கும் அந்த வாசனை பிடிபடுகிறது. கொஞ்சம் குறைந்திருந்த மாதிரி இருந்தது. என் ஆசையாகவும் இருக்கலாம். பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா உள்ளே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வரலீங்களாப்பா?" என்றேன்.

"முட்டி வலிக்குது சாமி."

"கொஞ்சம் கொறஞ்சாப்புல இருக்குதுங்கப்பா. டெஸ்டுக்கு அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "என்ற காலத்துல ஆகுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள், ஆகும் என்று சொல்லிவிடு என்கிற பார்வை. சொல்லியிருக்கலாம். இந்த வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து ஒரு சொட்டு இறங்காது என்று சொன்னவன்தான் நான். சொன்னது பொய்யில்லை, ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"ஆகாதுங்கப்பா," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் பெரிய ஆளாகப் பார்த்த மாதிரி இருந்தது. அதற்கு நான் சந்தோஷப்பட முடியவில்லை.

"செரி," என்றார். "அந்தப் பாட்டல வெளிய வச்சுப்போட்டு வா. சோறு ஆறுது."

வெளியே வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா இலையைப் போட்டாள்.